போனுக்கு வில்லங்கச் சான்று

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று பெரியவர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். மாட்டைப் பொறுத்த மட்டில் நல்ல யோசனைதான். கிழமாடாகவே இருந்தாலும் சாணி போடும். கொல்லையில் நின்றால் வீட்டுக்கு ஒரு களை. ஆனால் இந்தக் காலத்தில் நமக்கு யார் மாட்டைத் தானம் கொடுக்கிறார்கள்? செல்போன் கொடுக்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து வரும் பெட்டியில், பாதாம் பருப்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில், ஒரு காலுறைக்குள் சுருட்டி வைத்து ஒரு போன் வருகிறது. "நாங்க வச்சிருந்ததுதான், புதுசு மாதிரியே இருக்கு, நீங்க வச்சுக்குங்க" என்று கையில் கொடுக்கிறார்கள். அதைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?

பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வீடு வாங்கும்போது வில்லங்கச் சான்று கேட்கிறோம். விற்கிறவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் கேட்கிறோம், அவரும் கோபித்துக்கொள்வதில்லை. சித்தப்பாவின் நாணயத்தின் மேல் சந்தேகம் என்று அதற்கு அர்த்தம் அல்ல. வீட்டின் மேல் வேறு யாருக்காவது பாத்தியதை இருக்கிறதா என்று தெரிந்துகொள்கிறோம், அவ்வளவுதான். போன் விஷயத்திலும் கேட்க வேண்டிய கேள்வி அதேதான்.

‘லாக்’ என்ற ஒரே வார்த்தையை நாம் நாலைந்து காரியத்துக்கு உபயோகித்துக் குழப்பிக்கொள்கிறோம். திரையைத் திறப்பதற்கு விரலையோ எண்ணையோ கேட்கிறதே, அது ஒரு பூட்டு. அது வீட்டுக்காரர் போட்டது. சாவி அவர் கையிலேயே இருக்கிறது. பழைய சொந்தக்காரர் தம் கணக்கை அழிக்காமல் கொடுத்துவிட்டால், அவருடைய கடவுச்சொல்லைச் சொன்னால்தான் ஆயிற்று என்று அடம் பிடிக்குமே, அது இன்னொன்று. திருட்டுப் போன் என்று பதிவாகி, கம்பெனிகள் சேர்த்துக்கொள்ளாமல் விலக்கி வைப்பது மூன்றாவது. நான் சொல்ல வந்தது இந்த மூன்றும் அல்ல. போன் நல்ல போன், கொடுத்தவரும் நல்லவர், திரை திறக்கிறது, படம் பிடிக்கிறது, பாட்டுப் பாடுகிறது. ஆனால் ஒரு குறிப்பிட்ட டெலிபோன் கம்பெனியின் சிம்மைத் தவிர வேறு எதைப் போட்டாலும் வாயைத் திறப்பதில்லை. இதுதான் கம்பெனிப் பூட்டு. கடைக்காரர்கள் ‘நெட்வொர்க் லாக்’ என்றும் ‘கேரியர் லாக்’ என்றும் சொல்வார்கள்.

போனுக்கு எப்படித் தெரிகிறது என்று கேட்கலாம். சிம் என்கிற அந்தச் சின்ன அட்டைக்குள் வழக்கமாக 15 இலக்கங்கள் கொண்ட ஓர் எண் பதிந்திருக்கிறது. நாம் பிறருக்குக் கொடுக்கும் போன் நம்பர் அல்ல அது; நம் கண்ணிலேயே படாதது. அதில் முதல் மூன்று இலக்கம் தேசத்தைச் சொல்லும். இந்தியா என்றால் 404 அல்லது 405. அமெரிக்கா என்றால் 310, 311 என்று போகும். அடுத்த இரண்டு மூன்று இலக்கம் கம்பெனியைச் சொல்லும். கல்யாணப் பந்திக்குப் போகிற வழியில் நின்றுகொண்டு, "நீங்க பிள்ளை வீடா, பெண் வீடா?" என்று விசாரிக்கிற மனிதரைப் போல, பூட்டிய போன் இந்த முதல் ஐந்தாறு இலக்கத்தை விசாரிக்கிறது. தன் வீட்டு மனுஷர் இல்லையென்றால் இலை போடுவதில்லை.

ஏன் இந்தக் கெடுபிடி என்றால், அந்தப் போன் இன்னும் முழுதாக விற்கப்படவில்லை. அமெரிக்காவில் போனைத் தவணையில் வாங்குவது சர்வ சாதாரணம். 24 மாதம், 36 மாதம் என்று தவணை. மாதாமாதம் டெலிபோன் பில்லோடு சேர்ந்து வரும். பல சமயம் தவணைத் தொகையைப் பில்லில் எழுதிவிட்டு, அதே தொகையைக் கழிவு என்று கம்பெனியே குறைத்துவிடும். ‘இலவசப் போன்’ என்று விளம்பரம் செய்வது பெரும்பாலும் இந்தக் கணக்கைத்தான். கடைசி மாதம் வரை அதே கம்பெனியில் இருந்தால் இலவசம். நடுவில் கிளம்பினால் கழிவு நின்றுவிடும், பாக்கி நிற்கும். பாக்கி தீருவதற்குள் போன் வேறு வீட்டுக்குக் குடி போய்விடக் கூடாது அல்லவா? அதற்குத்தான் பூட்டு. நம் ஊர் பாஷையில் அடமானம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அடமானம் வைத்தவருக்கே அது தெரிவதில்லை. வருஷக் கணக்காக ஒரே கம்பெனியில் இருப்பவர் வேறு சிம்மைப் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. உட்கார்ந்திருக்கிற நாய்க்குச் சங்கிலியின் நீளம் எப்படித் தெரியும்?

எங்கள் உறையூரில் ஒரு பெரியவர் இருக்கிறார். வயது 74. சார்பதிவாளர் ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, பெரிய பெரிய புஸ்தகங்களைப் புரட்டிக் கையால் வில்லங்கச் சான்று எழுதிக் கொடுத்த தலைமுறை. தாம் எழுதியதையெல்லாம் அடுக்கினால் மலைக்கோட்டை உயரம் வரும் என்று சொல்லிக்கொள்வார். அவருக்கு ஒரே பெண். டல்லாஸ் பக்கத்தில் இருக்கிறாள். போன வருஷம் தை மாதம் பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து மூன்று வாரம் இருந்தார்கள். கிளம்புகிற அன்று காலையில், பெண் உபயோகித்து வந்த ஐபோனிலிருந்து அவளுடைய சிம்மைக் கழற்றிக்கொண்டு, போனை மாப்பிள்ளை இரண்டு கையாலும் மாமனாரிடம் கொடுத்தார். பெண்ணுக்குப் புதுசு வாங்கியாகிவிட்டதாம்.

இவர் தம் சிம்மை அதில் போட்டார். ‘இந்தச் சிம் செல்லாது’ என்கிற பாவனையில் திரையில் ஒரு வாசகம் வந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். மறுபடியும் வந்தது.

அந்த மூன்று வாரமும் போன் ஜோராக வேலை செய்ததே என்பதுதான் அவருக்குப் புரியாத விஷயம். பெண் அதில் தஞ்சாவூருக்குப் பேசினாள், சமயபுரத்துக்குப் பேசினாள். திரையின் மேல் மூலையில் நம் நாட்டுக் கம்பெனியின் பெயரே தெரிந்தது. அதை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். இங்கேதான் நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள். அப்போது போனுக்குள் இருந்தது அமெரிக்கச் சிம். அது நம் ஊர்க் கோபுரத்தில் விருந்தாளியாகத் தங்கிப் பேசிக்கொண்டிருந்தது. ரோமிங் என்கிறார்களே, அது. பூட்டுக்குக் கோபுரம் எந்த ஊரில் இருந்தாலும் அக்கறை இல்லை. அது பார்ப்பது சிம்மைத்தான். ஆகவே, "இங்கே வந்தபோது வேலை செய்ததே!" என்பது ஒரு சாட்சியமே ஆகாது. வெளிநாட்டுச் சிம்மோடு இங்கே வேலை செய்த போனைப் பற்றி நமக்கு நிச்சயமாகத் தெரிவதெல்லாம், அந்தச் சிம் அதற்குச் சரிப்படும் என்பது ஒன்றுதான்.

பெரியவர் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. பழைய பொத்தான் போனிலேயே தம் சிம்மைத் திரும்பப் போட்டுக்கொண்டார். வீட்டில் வைஃபை இருந்ததால் அமெரிக்கப் போனில் வாட்ஸ்அப் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைதோறும் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பேச முடிந்தது. "போன் நல்லா இருக்காப்பா?" என்று அவள் கேட்டால், "முதல்தரம்" என்பார். வெளியே போகும்போது சட்டைப் பையில் அந்தப் போன் எட்டிப் பார்க்கும். உள்பையில் பொத்தான் போன் இருக்கும். இப்படியே நாலு மாதம் ஓடியது. பூட்டிய போன் ஊமைப் போன் அல்ல. வைஃபை இருக்கிற வீட்டில் அது முக்கால்வாசிக் காரியத்தைச் செய்துவிடும். அதனாலேயே பூட்டு வெளியில் தெரிய வெகுநாள் ஆகிறது.

வைகாசியில் ஒரு நாள் அம்மா மண்டபத்துப் படித்துறையில் அவருக்குத் தலை சுற்றியிருக்கிறது. இரத்த அழுத்தம் உண்டு. பொத்தான் போனை அன்றைக்குப் பார்த்துச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்து போய்விட்டார். பையில் இருந்தது மாப்பிள்ளை கொடுத்தது மட்டும். ஆற்றங்கரையில் ஏது வைஃபை? பூக்கடைக்காரப் பெண்மணி ஒருத்தி தன் போனைக் கொடுத்து, இவர் நம்பர் சொல்லச் சொல்ல அவளே தட்டி, வீட்டுக்குச் சொன்னாளாம். பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் மனைவிக்கு அன்றைக்குத்தான் நாலு மாதத்துக் கதையும் தெரிந்தது.

அந்த அம்மாள் மறுநாள் காலையில் போனோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே பெரியவர்.

"தம்பி, இது ரிப்பேரா என்னான்னு பாருங்க. கடைக்குக் கொண்டு போகலாம்னா இவரு விட மாட்டேங்கறாரு."

"ரிப்பேர்னு சொல்லாதேன்னு எத்தனை தடவை சொல்றது? மாப்பிள்ளை கொடுத்த பொருள்" என்றார் அவர்.

கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று எங்கள் தெருவில் ஒரு நம்பிக்கை. அன்றைக்கு அது பொய்க்கவில்லை. ஐபோனில் பார்ப்பது மிகவும் சுலபம். 2020-இல் வந்த 14-ஆம் பதிப்பு மென்பொருளிலிருந்து அதிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். செட்டிங்ஸ், அதற்குள் ஜெனரல், அதற்குள் அபௌட். அந்தப் பக்கத்தில் கீழே போனால் ‘கேரியர் லாக்’ என்று ஒரு வரி இருக்கும். சில போன்களில் ‘நெட்வொர்க் புரொவைடர் லாக்’ என்றிருக்கும். அதற்கு எதிரே ‘நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்’, அதாவது சிம்முக்குக் கட்டுப்பாடு இல்லை என்று இருந்தால் போன் சுதந்திரமானது. இந்தப் போனில் ‘சிம் லாக்ட்’ என்று இருந்தது.

அவரிடம் இரண்டையும் விளக்கினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டுப்பாடு இல்லைன்னு வந்தா அது நில் சர்டிபிகேட். பதினாறாம் நம்பர் பாரம்" என்றார்.

"ஆமாம் ஐயா."

"இது பதினைஞ்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாவம், அந்தச் சிரிப்பு பத்து நிமிஷம்கூட இருக்கவில்லை. வில்லங்கம் யார் பேரில், எவ்வளவுக்கு என்று தெரிய வேண்டும் என்றார். அது நியாயமான கேள்விதான். நட்சத்திரம், ஹாஷ், பூஜ்யம், ஆறு, ஹாஷ் என்று தட்டினால் எந்தப் போனும் தன்னுடைய 15 இலக்க அடையாள எண்ணைக் காட்டும். சிம்முக்குள் இருக்கும் எண் வேறு, இது வேறு. இது போனின் எண். மோட்டாரின் சேசிஸ் நம்பரைப் போல. பூட்டியிருக்கும் கம்பெனியின் இணையப் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்து விண்ணப்பித்தோம். பூட்டைத் திறக்கும் அதிகாரம் கம்பெனிக்குத்தான் உண்டு. அடுத்த நாள் மின்னஞ்சலில் பதில் வந்தது: இந்தப் போனுக்கு இன்னும் கட்ட வேண்டிய தொகை இருக்கிறது, ஆகவே இப்போது திறக்க இயலாது.

தொகை இருக்கிறது என்ற சொல் அவரை எப்படித் தாக்கும் என்று நான் யோசித்திருக்கவில்லை. முகம் வெளிறிப்போய்விட்டது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னார்:

"தம்பி, முப்பது வருஷம் பார்த்திருக்கேன். வில்லங்கம் இருக்கிற சொத்தைக் கைமாத்தறவன் ரெண்டே ரகம். ஒண்ணு மோசக்காரன். இல்லேன்னா கஷ்டத்துல இருக்கறவன். எங்க மாப்பிள்ளை மோசக்காரர் இல்லே."

இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. பெண் ஏதோ கஷ்டத்தை மறைக்கிறாள் என்ற எண்ணம் விழுந்துவிட்டது. அமெரிக்காவில் லட்சாதிபதியும் தவணையில்தான் போன் வாங்குவான், இதில் கஷ்டத்துக்கு அடையாளம் எதுவும் இல்லை என்று நான் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. தவணை என்றால் அவருக்குத் தெரிந்த தவணைதான்: தண்டோராவும் ஜப்தியும். மாப்பிள்ளையிடம் கேட்பது என்பதோ நினைத்தே பார்க்க முடியாத காரியம்.

ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாள்தான் கேட்டார். சுற்றி வளைக்கவில்லை. "ஏண்டி, அந்தப் போனுக்கு இன்னும் காசு கட்டணுமாமே?" என்றார். பெண் சிரித்துவிட்டாள். ஆமாம், 36 தவணையில் 11 பாக்கி. கழிவு வருவதால் கையிலிருந்து ஒன்றும் போகவில்லை. பூட்டு என்ற ஒன்று இருப்பதே இருவருக்கும் தெரியாது. நாலு மாதம் இரண்டு போனோடு அப்பா அலைந்த கதையையும் ஆற்றங்கரைச் செய்தியையும் கேட்டபிறகு சிரிப்பு நின்றுவிட்டது. மாப்பிள்ளை திரைக்கு வந்தார். "மாமா, நாளைக்கே மொத்தமாக் கட்டிடறேன். திறந்து கொடுத்துடுவாங்க."

"மொத்தம்னா எவ்வளவு, மாப்பிள்ளை?"

மாதம் 22 டாலர் வீதம் 242 டாலர். மொத்தமாகக் கட்டினால் மீதிக் கழிவு கிடைக்காது. சும்மா இருந்தால் தானே தீர்ந்து போகிற கடனுக்குக் கையிலிருந்து 242 டாலர். பெரியவர் கணக்கில் புலி. ஒரு விநாடியில் புரிந்துகொண்டார்.

"வேண்டாம் மாப்பிள்ளை. பதினோரு மாசம்தானே? நான் இருக்கேன்."

இந்தப் பதினோரு மாதத்தில் ஏழு போய்விட்டது. வீட்டுக் காலண்டரில் மாதாமாதம் ஒரு தேதியைச் சிவப்பு மையால் சுழித்து வருகிறார். பொத்தான் போன் இப்போது சட்டைப் பையில் இருக்கிறது. மற்றது அலமாரியில்.

ஐபோன் அல்லாத போன்களுக்கு இவ்வளவு ஒழுங்கான சான்று கிடையாது. கம்பெனிக்குக் கம்பெனி வேறு வேறு இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். அவற்றுக்குப் பழைய முறைதான்: வேறு கம்பெனியின் சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பது. பூட்டியிருந்தால் ஒரு ரகசிய எண் கேட்கும். ‘சிம் நெட்வொர்க் அன்லாக் பின்’ என்று வரும். தோன்றிய எண்ணையெல்லாம் போட்டுப் பார்க்கிற விளையாட்டு அங்கே வேண்டாம். சில தடவைக்கு மேல் தப்பாகப் போட்டால் பிறகு சரியான எண்ணைப் போட்டாலும் திறக்காமல் போகலாம். பரீட்சைக்குப் போடுகிற சிம் நடப்பில் உள்ளதாக இருக்க வேண்டும். காலாவதியான சிம்மைப் போட்டுவிட்டுப் போனைக் குறை சொல்லக் கூடாது. மேல் மூலையில் கோடுகள் தெரிந்தவுடனே திருப்தி அடையாமல் யாரையாவது ஒருவரை அழைத்து இரண்டு வார்த்தை பேசிப் பார்த்துவிடுவது நல்லது.

அடையாள எண்ணைக் கொடுத்தால் பூட்டு உண்டா இல்லையா என்று காசு வாங்கிக்கொண்டு சொல்கிற இணையதளங்கள் பல இருக்கின்றன. அவற்றை நான் நம்புவதில்லை. நம் சர்க்கார் வைத்திருக்கிற ஏற்பாடு ஒன்று உண்டு. ‘கேஒய்எம்’ என்ற மூன்று இங்கிலீஷ் எழுத்தையும் இடம் விட்டு அந்த 15 இலக்கத்தையும் 14422-க்குச் செய்தியாக அனுப்பினால், போன் ஒழுங்கானதா, தடை செய்யப்பட்டதா என்று பதில் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் அவசியம் செய்ய வேண்டியது அது. ஆனால் அமெரிக்கக் கம்பெனியின் பூட்டைப் பற்றி அது பேசாது. அதன் வேலையும் அது அல்ல.

கடையில் வாங்கும் பழைய போனில் இன்னொரு சூது உண்டு. சிம்மை வைக்கிற தட்டில், சிம்முக்கு அடியில், வெங்காயத்தோல் கனத்தில் ஒரு சில்லு ஒட்டியிருப்பார்கள். போன், "நீ யார் வீட்டு மனுஷர்?" என்று கேட்கும்போது, சிம்மைப் பேச விடாமல் இந்தச் சில்லு முந்திக்கொண்டு, "உங்க வீடுதான்" என்று பொய் சொல்லிவிடும். பந்தியில் இலை விழுந்துவிடும். கடைக்காரர், "வேலை செய்யுது பாருங்க" என்று நம் கண்ணெதிரே பேசிக் காட்டுவார். அதுவும் உண்மைதான். போன் கம்பெனி அடுத்த மென்பொருளை அனுப்பும்போது ஒரு நாள் அந்தப் பொய் பலிக்காமல் போகும். ஆகவே தட்டை வெளியே இழுத்து அடியிலும் ஒரு பார்வை பாருங்கள்.

இந்தப் பூட்டைத் திறப்பது அமெரிக்காவில் சில காலம் சட்ட விரோதமாகவே இருந்தது என்றால் நம்புவீர்களா? அதுவும் எந்தச் சட்டத்தின் கீழ் என்கிறீர்கள்? பதிப்புரிமைச் சட்டம்! என் போன்றவர்களின் நாவலைத் திருட்டுத்தனமாக அச்சடிக்காமல் காப்பாற்றுவதற்குத்தான் அது இருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 1998-இல் அங்கே அந்தச் சட்டத்தை விஸ்தரித்தபோது, மென்பொருளுக்குப் போட்ட பூட்டை உடைப்பதும் குற்றம் என்று சேர்த்தார்கள். போனுக்குள் இருப்பதும் மென்பொருள்தானே? இதற்கு விலக்கு அளிக்கும் அதிகாரம் யாருக்கு என்றால், அவர்களுடைய காங்கிரஸ் நூலகத்தின் நூலகருக்கு. மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அவர் கூடி யோசித்து விலக்குகளை அறிவிப்பார். 2006-இல் போன் பூட்டைத் திறக்கலாம் என்று விலக்கு அளித்தார்கள். 2012-இல், புதிதாக வாங்கும் போன்களுக்கு அது கிடையாது என்று எடுத்துவிட்டார்கள். 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய போனைக் கம்பெனியின் சம்மதம் இல்லாமல் திறப்பது குற்றம் என்று ஆயிற்று. ஜனங்கள் சும்மா இருக்கவில்லை. 1,14,000 பேருக்கு மேல் கையெழுத்திட்டு வெள்ளை மாளிகைக்கு மனுச் செய்தார்கள். 2014 ஆகஸ்டு 1-ஆம் தேதி ஜனாதிபதி ஒபாமா ஒரு தனிச் சட்டத்தில் கையெழுத்திட்டு அந்த விலக்கைத் திரும்பக் கொடுத்தார். நூலகர் ஒருவர் கையில் இவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்று தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

முதல் ஐபோன் 2007-இல் வந்தபோது அமெரிக்காவில் அது ஏடி அண்ட் டி கம்பெனிக்கு மட்டும் சொந்தம். இரண்டே மாதத்தில் நியூஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் சால்டரிங் இரும்பை வைத்துக்கொண்டு அதன் பூட்டைத் திறந்துவிட்டான். திறந்த போனைக் கொடுத்து அவன் ஒரு மோட்டார் காரும் மூன்று புதிய ஐபோன்களும் வாங்கிக்கொண்டான் என்றால், பூட்டு இல்லாத போனுக்கு எவ்வளவு மதிப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இந்தப் பூட்டு முற்றிலும் புதிதல்ல. ஒரு காலத்தில் வீட்டுக் கூடத்தில் முக்காலியின் மேல் உட்கார்ந்திருந்த கறுப்பு டெலிபோன் நம்முடையதா என்ன? தபால் தந்தி இலாகாவின் சொத்து. நாம் மேலே பூப்போட்ட துணி தைத்துப் போட்டதுதான் நம் உரிமை. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய் முதலில் கட்டினால் போதும் என்று போன் கொடுத்தபோது வரிசையில் நின்றவர்களில் எத்தனையோ பேர் இதைப் படிப்பார்கள். அதில் சிம்மே கிடையாது. நம்பரைப் போனுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். போனும் கம்பெனியும் உடலும் உயிரும் போல. 2017-இல் 1,500 ரூபாய் முன்பணத்துக்கு வந்த ஜியோ போனும் ஜியோ சிம்மை மட்டுமே ஏற்றுக்கொண்டது. மற்றபடி நம் ஊரில் ரொக்கத்துக்கோ வங்கித் தவணைக்கோ போனைத் தனியாக வாங்கிக்கொண்டு சிம்மை வேறு கடையில் வாங்கும் வழக்கமே வேரூன்றிவிட்டது. அதனால்தான் பூட்டு என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை.

உலகம் முழுவதும் அமெரிக்காவைப் போல இல்லை. 2017 டிசம்பர் முதல் கானடாவில் புதுப் போன்களைப் பூட்டில்லாமல்தான் விற்க வேண்டும். 2021 அக்டோபரில் ஜப்பானும் டிசம்பரில் பிரிட்டனும் இதே முடிவுக்கு வந்தன. லண்டனிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ புதிய போன் கொண்டு வருகிற மருமகனிடம் இதையெல்லாம் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டியதில்லை. பழைய போன் என்றால் கேட்கத்தான் வேண்டும்.

அமெரிக்கப் போனில் இப்போது புதிதாக இன்னொரு விஷயம் சேர்ந்திருக்கிறது. 2022-இல் வந்த 14-ஆம் ஐபோனிலிருந்து அங்கே விற்கிற ஐபோன்களில் சிம் வைக்கிற தட்டே கிடையாது. கம்பெனி அனுப்புகிற சிம் காற்றிலேயே வந்து உள்ளே உட்கார்ந்துகொள்ளும், ஈ-சிம் என்கிறார்கள். வேறு சிம்மைப் போட்டுப் பார்க்கிற பரீட்சைக்கு அங்கே துவாரமே இல்லை. அந்த அபௌட் பக்கம் ஒன்றுதான் ஆதாரம். பூட்டு இல்லை என்று தெரிந்தாலும், நம் சிம்மை ஈ-சிம்மாக மாற்றிக்கொடுக்கச் சொல்லி நம் கம்பெனியிடம் கேட்க வேண்டும்.

கேட்கிற விதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. "லாக் இருக்கா?" என்று கேட்டால், "நான் அப்படிப்பட்டவனா?" என்ற தொனியில் ஒரு பதில் வரலாம். எங்கள் பெரியவரின் மனைவி இப்போது தெருவில் யார் வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து ஆள் வந்தாலும் வேறு மாதிரிச் சொல்லிக் கொடுக்கிறார். "எங்க ஊர்ச் சிம் இதுக்குச் சேருமா, மாப்பிள்ளை? அந்தப் பக்கத்தை ஒரு படம் பிடிச்சு அனுப்புங்களேன்" என்று, அவர்கள் அங்கே பெட்டி கட்டுவதற்கு முன்பே கேட்க வேண்டுமாம். சேராது என்று படத்தில் தெரிந்தால் மாப்பிள்ளைக்கே அது புதுச் செய்தியாக இருக்கும். தவணை முடிந்த பிறகு அடுத்த தடவை கொண்டு வரட்டும். இந்தத் தடவை அந்த இடத்தில் இன்னும் ஒரு பாக்கெட் பாதாம் பருப்பு வைக்கலாம்.